பதினேழாவது விதி பதினாலு மாதம் பேசவில்லை

பூட்டு செய்யும் கம்பெனிக்குக் காவல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தக் கம்பெனியின் பின்வாசல் கதவைக் காட்டினால் போதும். மூன்று வருடமாக ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து அதைத் திறந்தே வைத்திருந்தார்கள். காற்று வர வேண்டுமாம். ஊர் உலகத்துக்கெல்லாம் பூட்டு விற்கிற இடத்தில் இவ்வளவு தாராளம் இருப்பது நல்லதுதான். இந்த இடத்தில்தான் ‘சந்தேகம்’ ஒன்பது வருடமாக வேலை பார்த்தாள்.

சந்தேகம் என்பது ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர். வயதில் பெரியவர்கள் சந்தேகம்மா என்றார்கள், சிறியவர்கள் சந்தேகம் அக்கா என்றார்கள். ஆபீஸ் வாசலைத் தாண்டிவிட்டால் அவளைப் போல ஒரு ஏமாளியைப் பார்க்க முடியாது. வீட்டு வாசலில் வந்து நின்று பேசியவர்களிடம் அவள் வாங்கிய தண்ணீர் சுத்திகரிப்பான்கள் மட்டும் மூன்று. மூன்றும் பரணில் இருந்தன. உள்ள சந்தேகத்தையெல்லாம் ஆபீஸிலேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறாள் என்பது அவள் கணவரின் கணிப்பு. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகல் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்துவது அவர் தொழில். அதனால் வீட்டில் அவருக்கு வேண்டியதெல்லாம் அமைதி.

அவள் வேலை என்ன என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. விஷயம் ரொம்ப எளிது. கம்பெனியில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நாள் முழுக்க ஒரு டைரி எழுதிக்கொண்டே இருக்கும். யார் உள்ளே வந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எத்தனை தடவை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார் என்று ஒன்று விடாமல். இந்த டைரிகளையெல்லாம் ஒரு கண்காணிப்பு மென்பொருள் உட்கார்ந்து வாசிக்கும். விற்றவர்கள் அதற்கு ஏதோ வீரமான பெயர் வைத்திருந்தார்கள். ஆபீஸில் அதற்குப் பெயர் மாமியார். எல்லாவற்றையும் பார்க்கும், எதையும் மறக்காது. ஆனால் எதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தானாகத் தெரியாது. இப்படி நடந்தால் சத்தம் போடு, அப்படி நடந்தால் சத்தம் போடு என்று ஒவ்வொரு விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் சந்தேகத்தின் பிழைப்பு. குறை சொல்ல மாமியாருக்கே பாடம் எடுக்கிற மருமகள் உலகத்தில் தான் ஒருத்திதான் இருக்க முடியும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் எழுதிய முதல் விதி, வேலை நேரத்துக்கு வெளியே யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டால் சத்தம் போடு என்பது. முதல் நாளிலேயே நாலாயிரத்துச் சொச்சம் சத்தம். அந்தக் கம்பெனியில் வேலை நேரத்துக்கு உள்ளேதான் யாரும் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்ற உண்மையை மாமியார் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து வருகிற சத்தங்களையெல்லாம் பார்த்துத் தீர்க்க வேண்டியவன் ஒருவன் இருந்தான். படிக்காமலேயே ஒவ்வொன்றாக மூடிவிடுவான் என்பதால் அவனுக்கு ‘மூடி’ என்று பெயர். அன்றைக்கு அவன் கை வலித்து மருந்து தடவிக்கொண்டான்.

அதிலிருந்து அவள் தொழிலின் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டாள். விதி எழுதுவது பெரிய காரியமே இல்லை. விதிவிலக்கு எழுதுவதுதான் காரியம். இன்னாருக்கு மட்டும் சத்தம் வேண்டாம், இந்த அறைக்கு மட்டும் வேண்டாம் என்று ஆள் ஆளாக வந்து கேட்பார்கள். ஒன்பது வருடத்தில் விதி நாற்பது, விதிவிலக்கு இருநூற்றுப் பதினொன்று. நாளடைவில் காரணமே சொல்லாமல் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு அவள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தாள்: விதிவிலக்குக்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் மாமியார் ஏற்காது. அந்தக் கட்டத்தில் மட்டும் அவள் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. ‘இவருக்குப் பாஸ்வேர்டு மறப்பது வழக்கம்.’ ‘இவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் வந்துகொண்டிருக்கிறார்.’ ‘இவர் முதலாளியின் மருமகன்.’ மனுஷ சுபாவத்தைப் பற்றி அந்தப் பட்டியலில் இருந்த அளவுக்கு வேறு எங்கும் உண்மை எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். யாரும் அதைப் படித்ததில்லை என்பதால் உண்மைக்கும் ஆபத்தில்லாமல் இருந்தது.

மாமியார் போடுகிற சத்தத்தில் பெரிய சத்தமெல்லாம் ஒரு கறுப்புப் போனில் வந்து விழும். அந்தப் போன் சந்தேகத்தின் பொறுப்பு. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தபோது அடித்திருக்கிறது. நாத்தனார் கல்யாணக் குடும்பப் படத்தில் எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, அவள் மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குளிக்கும்போது அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிச் சோப்பு வைக்கிற மாடத்தில் வைப்பாள். இப்போது அவளுக்குப் பிரிவுத் தலைமை பதவி வரப்போவதாகப் பேச்சு. பதவியில் அவளுக்கு அப்படி ஒன்றும் பித்தில்லை. தலைமை ஆனால் போன் வேறு யாரிடமாவது போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு, மாடத்தில் சோப்பு மட்டும் இருக்க, ஒரு தடவையாவது நிம்மதியாகக் குளிக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய லட்சியம்.

அந்தப் பதவிக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது பதினேழாவது விதி. கம்பெனியின் உயிர் சாவிப் படங்களில் இருந்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் சாவியை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்ற படங்கள். அவை வெளியே போனால் விற்ற பூட்டெல்லாம் வெறும் இரும்பு. ஒரே மூச்சில் இருபது படத்துக்கு மேல் யார் நகல் எடுத்தாலும் சத்தம் போடு என்பது பதினேழாவது விதி. ஆரம்பத்தில் மாதம் இரண்டு மூன்று தடவை கத்தும். படம் வரைகிறவர்கள் யாராவது அவசரத்தில் அள்ளியிருப்பார்கள், கூப்பிட்டு விசாரிப்பாள். அப்புறம் ஒரு கட்டத்தில் கத்துவதை நிறுத்திவிட்டது. மாதக்கணக்கில் ஒரு முனகல்கூட இல்லை.

அவளுடைய மேலதிகாரிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவருக்குப் ‘பச்சை’ என்று பெயர். திரையில் எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும் அவருக்கு. சிவப்பைக் கண்டால் ரத்தத்தைக் கண்ட மாதிரி தலை சுற்றும். விதிக்குப் பயந்து ஊழியர்கள் திருந்திவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டி, அதைக் கிராஃப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். வரவேற்பறையில் ஒரு பெரிய பலகை வந்தது. ‘சாவிப் படங்கள் பத்திரமாக இருக்கும் நாட்கள்’ என்று எழுதி, கீழே எண். தினமும் காலையில் பச்சை சாரே ஸ்டூல் போட்டு ஏறி எண்ணை மாற்றுவார். இந்தக் கதை நடந்த வாரம் அது நானூற்று இருபத்தாறில் நின்றது. வியாழக்கிழமை ஒரு பெரிய வாடிக்கையாளரின் ஆய்வாளர் வருகிறார். அவர் திருப்தி அடைந்தால் ஐந்து வருட ஒப்பந்தம். அவர் முன்னிலையிலேயே சந்தேகத்துக்குப் பதவிக் கடிதம் கொடுப்பதாக ஏற்பாடு. கடிதம் தட்டச்சாகி, பச்சை சாரின் மேஜை இழுப்பறையில் தயாராக இருந்தது.

அதே வாரம் அவள் வீட்டிலும் ஒரு நல்ல காலம் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய நிஜ மாமியார், மேல்மாடிக்காரர்கள் நாற்காலியை இழுக்கிறார்கள், குழாய் சொட்டுகிறது, டிவி அலறுகிறது என்று நாளைக்குப் பத்துக் குறை சொல்கிறவர், பத்து நாளாக வாயைத் திறக்கவில்லை. அம்மா திருந்திவிட்டதாகக் கணவர் அறிவித்தார். சந்தேகமோ அந்தப் பெருமையைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டாள். மேல்மாடிக்குப் போய் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துணி ஒட்டிவிட்டு வந்தவள் அவள்தானே. வீடே அமைதியில் மிதந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் கெட்டில் விசில் அடித்தது. மாமியார் அதற்கு ஒரு கை தூரத்தில் நின்று டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தார். விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். சந்தேகம் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, அவர் காதில் இருந்த மிஷினைக் கழற்றிப் பார்த்தாள். பேட்டரி செத்துப் போயிருந்தது. எத்தனை நாளாக என்று சைகையில் கேட்டாள். பத்து நாள் இருக்கும் என்று விரல் விரித்தார்.

“ஏன் அத்தை சொல்லவே இல்ல?” என்று காதுக்குள் கத்தினாள்.

“நீங்கெல்லாம் சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்,” என்றார் மாமியார்.

சந்தேகத்துக்கு மாதக்கணக்கில் முனகாத பதினேழாவது விதி ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் காலைச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டாள். பேட்டரி வாங்கத்தான் இவ்வளவு வேகம் என்று கணவர் நினைத்தார். அவள் சரியான மருமகள் என்று அம்மாவிடம் பாராட்டவும் செய்தார். அம்மாவுக்கு அது கேட்கவில்லை.

ஆபீஸில் உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் காரியம் திருட்டு. சாவிப் படங்களில் நாற்பதை ஒரே மூச்சில் நகல் எடுத்தாள். போனை எதிரே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மாமியார் கம்மென்று இருந்தது. வரவேற்பறையில் பச்சை சார் ஸ்டூலில் ஏறி நானூற்று இருபத்தேழு என்று மாற்றிக்கொண்டிருந்தார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பதினாலு மாதத்துக்கு முன்னால் சாவிப் படங்களைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். புது சர்வரின் டைரியும் மாமியாரிடம் ஒழுங்காக வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பதினேழாவது விதிக்கு யாரும் முகவரி மாறியதைச் சொல்லவில்லை. அது பழைய சர்வரின் டைரியையே விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. மாற்றத்தை அறிவித்து வந்த மெயிலைத் தேடி எடுத்தாள். அதற்கு அவளே பதில் போட்டிருந்தாள்: ‘நன்றி, குறித்துக்கொண்டேன்.’

பழைய சர்வரைப் பார்க்கவும் போனாள். அது சாமான் அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில், யாரும் அணைக்க மறந்ததால் விளக்கு மினுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் எலக்ட்ரீசியனின் சாப்பாட்டு டப்பா இருந்தது. மதியம் வரை சூடு ஆறாமல் இருக்கும் என்று அவர் விளக்கினார். பதினாலு மாதமாக இங்கேதான் வைக்கிறாராம். பதினேழாவது விதி நானூற்றுச் சொச்சம் நாள் கண்கொட்டாமல் பாதுகாத்தது அந்த டப்பாவைத்தான். அதிலிருந்து இதுவரை எதுவும் களவு போகவில்லை என்பதையும் எலக்ட்ரீசியன் உறுதிப்படுத்தினார்.

அவள் திரும்பி வந்து மூடியிடம் சொன்னாள். அவன் ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, பலகையையும், இழுப்பறையில் இருக்கும் கடிதத்தையும், கறுப்புப் போனையும் அவளுக்கு நினைவுபடுத்தினான்.

“வெள்ளிக்கிழமை கண்டுபிடிங்களேன் அக்கா,” என்றான். “பதினாலு மாசமா இருந்த ஓட்டை. ரெண்டு நாள்ல கோச்சுக்கப் போகுதா?”

யோசனை நியாயமாகத்தான் இருந்தது. அவளும் அதை நியாயமாகவே யோசித்தாள். மாடத்தில் சோப்பு மட்டும் இருக்கிற காட்சி கண் முன்னால் வந்து போனது. ஆனால் மனசு ஒப்பவில்லை. விதியின் வாய் அடைபட்டுக் கிடப்பது தெரிந்த பிறகு, அந்த விதிக்காகத் தருகிற கடிதத்தை எந்தக் கையால் வாங்குவது? விதியில் முகவரியைத் திருத்தினாள். ஒரே ஒரு வரி. திருத்தியதோடு நிற்காமல், பதினாலு மாத டைரியையும் முதலிலிருந்து வாசி என்று மாமியாருக்கு உத்தரவு போட்டாள்.

பேட்டரி போட்ட காது மாதிரி மாமியார் விழித்துக்கொண்டது. அவளே அன்று காலை செய்த திருட்டைத் தள்ளிவிட்டால் நாற்பத்தொரு சத்தம். அதில் இருபத்தேழு, படம் வரைகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற அவசரம். மீதிப் பதினாலு ஒரே ஆள். மாதக் கடைசி வேலைநாள் தோறும், மாலை நாலரைக்கு, இருக்கிற சாவிப் படம் அத்தனையையும் ஒன்று விடாமல் ஒருவர் தன் லேப்டாப்பில் நகல் எடுத்திருந்தார். பெயரைப் பார்த்துவிட்டு அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பச்சை சார்.

அந்தப் பதினாலையும் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவர் மறைக்கவே இல்லை. குற்றம் செய்தவன் முழிப்பான். பச்சை சாருக்கு அந்த அவசியம் ஏற்படவில்லை. மாதா மாதம் எத்தனை படம் பத்திரமாக இருக்கிறது என்று மேலிடத்துக்குக் கிராஃப் போட வேண்டாமா, எண்ணாமல் எப்படிப் போடுவது, எண்ணுவதற்கு ஆபீஸில் ஏது நேரம், அதனால் வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாக எண்ணுவார். எண்ணி முடித்த பிறகு அந்த லேப்டாப் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். மச்சினன் பிள்ளைகள் கேம் விளையாடுவார்கள், நல்ல பிள்ளைகள், எதையும் தொடமாட்டார்கள் என்றார்.

பாதுகாப்பாக இருக்கிறது என்று நிரூபிப்பதற்காகவே மாதம் ஒரு தடவை மொத்தத்தையும் வெளியே எடுத்துப் போகிற ஒரு ஏற்பாட்டை, எந்தத் திருடனின் மூளையும் யோசித்திருக்காது. அதற்கு நிர்வாக அனுபவம் வேண்டும்.

பச்சை சார் இழுப்பறையைத் திறந்து, கடிதம் இருந்த உறையை மேஜை மேல் எடுத்து வைத்தார். அதை அவள் பக்கம் நகர்த்தவில்லை, தன் பக்கமும் இழுத்துக்கொள்ளவில்லை.

“விதியைத் திருத்தினது நல்லதுதாம்மா,” என்றார். “எனக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு போட்டுடு. இருநூறு பேருக்குப் போட்டிருக்க. என்னை மட்டும் ஏன் விட்டுவைக்கணும்?”

“போட்டுடறேன் சார்,” என்றாள் சந்தேகம்.

போட்டாள். சொன்னதைச் செய்கிற ஊழியர் என்று ஒன்பது வருடமாக வாங்கிய நல்ல பெயரை அவள் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. எண் இருநூற்றுப் பன்னிரண்டு, விதி பதினேழு, யாருக்கு என்ற இடத்தில் மேலதிகாரி. கடைசியில் காரணம் என்ற கட்டம். கர்சர் அதில் விட்டு விட்டு மினுங்கியது. நிர்வாகக் காரணம் என்று இரண்டே சொல் எழுதலாம், மாமியார் வாயை மூடிக்கொள்ளும். அவள் கை இரண்டு தடவை அதை அடித்தது, இரண்டு தடவை அழித்தது. அந்தக் கட்டத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லாததால் விரல் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதிச் சேமித்துவிட்டு, மாமியாருக்குப் பேட்டரி வாங்கக் கிளம்பினாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். சொந்தமாகத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. பலகையில் நானூற்று இருபத்தொன்பது என்று போட்டிருந்தது. பச்சை சார் அதற்குப் பக்கத்தில் நின்று பேசினார். ஆய்வாளர் பலகை மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை. கிராஃப்கள் வந்தன, போயின. அவர் ஒன்றைத்தான் கேட்டார்: உங்கள் விதிகள் எனக்கு வேண்டாம், எல்லாக் கம்பெனியிலும் விதி நன்றாகத்தான் இருக்கும், விதிவிலக்குப் பட்டியலைக் காட்டுங்கள்.

பச்சை சார் சந்தேகத்தைப் பார்த்தார். சந்தேகம் திரையைத் திறந்தாள். புதியது மேலே வரும்படிதான் பட்டியல் அமைந்திருந்தது. அதுவும் அவள் வைத்த ஒழுங்குதான். ஆய்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வாசித்துப் பழகிய குரலில் வாசித்தார்.

“‘இருநூற்றுப் பன்னிரண்டு. காரணம்: சாவிப் படங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதற்காக இவர் மாதந்தோறும் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். விதிவிலக்கு கேட்டவர்: இவரே.’”

மூடி ஒரு சத்தத்தை மூடப் போனவன், கையை அப்படியே நிறுத்திக்கொண்டான். பச்சை சாரின் முகம் அவருக்குப் பிடிக்காத நிறத்துக்கு மாறியது.

இதை யார் எழுதியது என்று ஆய்வாளர் கேட்டார். தான்தான் என்றாள். இது தவறு என்று தெரியாதா என்று கேட்டார். தெரியும், கேட்டார்கள், போட்டேன், காரணம் எழுதாமல் போட முடியாது என்றாள். அவர் கீழே இருந்த இருநூற்றுப் பதினொன்றையும் வாசித்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் அவர் தோள் குலுங்கியதாக மூடி பிறகு சத்தியம் செய்தான். முதலாளியின் மருமகன் இடத்தில் ஒரு தடவை, ஓய்வு பெற்றும் வந்துகொண்டிருப்பவர் இடத்தில் ஒரு தடவை. முடித்துவிட்டுப் பதினேழாவது விதி கடைசியாக எப்போது கத்தியது என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்று சொல்லி, செத்த பேட்டரியிலிருந்து சாப்பாட்டு டப்பா வரைக்கும் அவள் விவரித்தாள். தன் ‘நன்றி, குறித்துக்கொண்டேன்’ மெயிலையும் விடவில்லை.

ஒப்பந்தம் பத்து நாளில் கையெழுத்தானது. பத்து இடத்தில் ஆய்வு செய்தேன், சொந்த ஓட்டையைத் தானே எழுதி வைத்திருந்த ஒரே இடம் இதுதான் என்று ஆய்வாளர் தன் அறிக்கையில் எழுதியிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாவது விதிவிலக்கு நீக்கப்பட்டது, லேப்டாப்பில் இருந்ததெல்லாம் அழிக்கப்பட்டது, மச்சினன் பிள்ளைகள் அழுதார்கள். பச்சை சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘காது கேட்காத விதிகளைக் கண்டுபிடிப்பது எப்படி’ என்று மேலிடத்தில் ஒரு உரை நிகழ்த்தி, அதற்குக் கேடயம்கூட வாங்கினார். பலகையைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க மனசு வராமல், கழற்றிச் சாமான் அறையில் வைக்கச் சொன்னார். எலக்ட்ரீசியன் அதை டப்பாவுக்கு மேல் தூசி விழாமல் சாய்த்து வைத்துக்கொண்டார்.

சந்தேகத்துக்குக் கடிதமும் வந்தது. தலைமைப் பதவிதான், குறையொன்றுமில்லை. கூடவே ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பக்க நகல் ஒன்றை இணைத்திருந்தார்கள். சத்தம் எதுவானாலும், விதிவிலக்குப் பட்டியலை எழுதியவரின் கையிலிருக்கும் போனுக்கே வர வேண்டும், வேறு ஒருவருக்கு மாற்றக் கூடாது, ஐந்து வருடத்துக்கு. வாடிக்கையாளரின் ஒரே நிபந்தனை அதுதானாம். உண்மை எழுதுகிற ஆளை விடக் கூடாது என்று ஆய்வாளர் பிடிவாதமாக நின்றாராம். அதைச் சொல்லும்போது பச்சை சாரின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு பச்சை தெரிந்தது.

தலைமையானதும் அவள் எழுதிய முதல் விதி நாற்பத்தொன்று: எந்த விதியாவது ஒரு மாதம் வாய் திறக்காமல் இருந்தால், அதற்கு ஒரு சத்தம் போடு. முதல் நாளே இருபத்தாறு வந்தன.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனாள். போனைப் பையில் போட்டுக் கட்டி மாடத்தில் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். தலையில் தண்ணீர் ஊற்றியபோது அடித்தது. கண்ணில் நுரை. துழாவுவதற்குள் நின்று, மறுபடி அடித்தது.

கதவுக்கு வெளியே புதுப் பேட்டரி போட்ட மாமியார் வந்து நின்றார். காலையிலிருந்து மேல்மாடி நாற்காலி, குழாய், டிவி மூன்றையும் முடித்துவிட்டு வந்திருந்தார்.

“ரெண்டு தடவை அடிச்சுடுச்சு,” என்றார். “எடுக்கிறியா, இல்ல நான் எடுத்துப் பேசட்டுமா?”